பூல் காலியாகிறது, பில் மறைகிறது

கேள்வி: எங்கள் அலுவலகத்தின் பில்லிங் வெப் அப்ளிகேஷனை ஒன்றரை வருடமாக நான் ஒருவன்தான் பார்த்துக்கொள்கிறேன். சி ஷார்ப், எஸ்க்யூஎல் சர்வர். காலையில் நன்றாக ஓடுகிறது. மதியத்துக்கு மேல் இழுக்க ஆரம்பித்து, கடைசியில் டைம்அவுட் என்று நின்றுவிடுகிறது. அப்ளிகேஷனை ரீஸ்டார்ட் செய்தால் சரியாகிவிடும். கனெக்ஷன் டைம்அவுட்டை 15 நொடியிலிருந்து 120 ஆக்கினேன், மேக்ஸ் பூல் சைஸை, அதாவது டேட்டாபேஸ் கனெக்ஷன் கையிருப்பின் உச்ச அளவை, 500 ஆக்கினேன். இப்போது மதியத்துக்குப் பதில் மாலையில் நிற்கிறது. சில நாட்களில் ரிப்போர்ட்டுகள் அசையாமல் நின்றதால் அவற்றில் நோலாக் சேர்த்தேன்.

இதைவிடப் பெரிய தலைவலி ஒன்று இருக்கிறது. மாதத்துக்கு நாலைந்து பில்கள் காணாமல் போகின்றன. மதிய ரிப்போர்ட்டில் இருக்கும் பில் மறுநாள் ரிப்போர்ட்டில் இல்லை. பில் போடும் பெண் அழித்துவிடுகிறார் என்று மேலாளர் சந்தேகப்படுகிறார். டேட்டாபேஸையே மாற்றிவிடலாம் என்றும் பேச்சு ஓடுகிறது. தேடல், சேமிப்பு என்று இரண்டு ஃபங்ஷன்களை இணைத்திருக்கிறேன். என்ன செய்வது?

பதில்: உங்கள் கடிதத்தின் கடைசியிலிருந்து தொடங்குகிறேன். டேட்டாபேஸை மாற்ற வேண்டாம். அந்தப் பெண்மேல் பழி போடுவதை இன்றே நிறுத்தச் சொல்லுங்கள். பில்களைத் தொலைப்பது உங்கள் சேமிப்பு ஃபங்ஷனில் இருக்கும் ஒரே ஒரு வரி. நீங்கள் அனுப்பிய கோடிலேயே (code) அது தெரிகிறது. அதைக் காட்டுவதற்கு முன் டைம்அவுட் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும். இரண்டு நோய்க்கும் வேர் ஒன்றுதான்.

டைம்அவுட் என்று எழுதியிருக்கிறீர்கள். எந்த டைம்அவுட் என்று எழுதவில்லை. உங்கள் அப்ளிகேஷனில் மூன்று இடங்களில் கடிகாரம் ஓடுகிறது. முதலாவது, சர்வரைப் போய்ச் சேர்வதற்கு. சர்வர் பெயர் தவறு, 1433 போர்ட்டை ஃபயர்வால் தடுக்கிறது, சர்வீஸ் ஓடவில்லை என்றால் இங்கே நிற்கும். 'நெட்வொர்க் ரிலேட்டட் ஆர் இன்ஸ்டன்ஸ் ஸ்பெசிஃபிக் எர்ரர்' என்று தொடங்கும் செய்தி வரும். இரண்டாவது, பூலிலிருந்து ஒரு கனெக்ஷன் கைக்குக் கிடைப்பதற்கு. மூன்றாவது, கனெக்ஷன் கிடைத்து, கட்டளை சர்வருக்குப் போய், வேலை முடிந்து பதில் வருவதற்கு. முதல் இரண்டுக்கும் ஒரே செட்டிங், கனெக்ஷன் ஸ்ட்ரிங்கில் இருக்கும் கனெக்ட் டைம்அவுட், இயல்பாக 15 நொடி. மூன்றாவதற்குக் கமாண்ட் டைம்அவுட், இயல்பாக 30 நொடி. இதற்கும் முந்தையதற்கும் சம்பந்தமே இல்லை.

இரண்டாவதும் மூன்றாவதும் திரையில் ஏறக்குறைய ஒரே மாதிரி தெரியும். அங்கேதான் பலரும் வழி தவறுகிறார்கள். பூல் காலியானால் வரும் செய்தியில் 'அப்டெய்னிங் எ கனெக்ஷன் ஃப்ரம் த பூல்' என்ற சொற்கள் இருக்கும், மேக்ஸ் பூல் சைஸைத் தொட்டுவிட்டதாகவும் அதே செய்தி சொல்லும். கட்டளை முடியாமல் நின்றால் 'எக்ஸிக்யூஷன் டைம்அவுட் எக்ஸ்பயர்டு' என்று தொடங்கும். இன்னும் உறுதியான அடையாளம் எக்ஸெப்ஷனின் வகை. கட்டளை டைம்அவுட் எஸ்க்யூஎல் எக்ஸெப்ஷனாக வரும், அதன் நம்பர் மைனஸ் 2. பூல் டைம்அவுட் இன்வாலிட் ஆபரேஷன் எக்ஸெப்ஷனாக வரும். காரணம், அது சர்வர் வரைக்கும் போகவே இல்லை. சர்வரைப் பொறுத்தவரை ஒன்றுமே நடக்கவில்லை. சர்வர் லாகில் நீங்கள் தேடினாலும் இதனால்தான் ஒன்றும் கிடைக்காது.

உங்களுக்கு வருவது பூல் டைம்அவுட் என்று எனக்கு எப்படித் தெரியும்? பூல் சைஸைக் கூட்டியதும் நிற்கும் நேரம் மதியத்திலிருந்து மாலைக்குத் தள்ளிப்போனது. குவெரி மெதுவாக ஓடுவதுதான் பிரச்சினை என்றால் பூல் சைஸ் அதைத் தொட்டிருக்காது. ஓட்டைக் குடத்துக்குப் பதில் ஓட்டை அண்டா வைத்திருக்கிறீர்கள். நேரம்தான் மாறியிருக்கிறது. 120 நொடி ஆக்கியதில் இன்னொரு கெடுதலும் சேர்ந்திருக்கிறது. முன்பு 15 நொடியில் எர்ரர் வாங்கிக்கொண்டு போனவர்கள் இப்போது இரண்டு நிமிடம் உருளும் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். 'இழுக்கிறது' என்று நீங்கள் எழுதியதில் பாதி இதுதான். இரண்டு எண்களையும் பழையபடி 15க்கும் 100க்கும் கொண்டுவந்துவிடுங்கள். நோய் சீக்கிரம் வெளியே தெரிவதுதான் இப்போது உங்களுக்கு உதவும்.

கனெக்ஷனைத் திறப்பது செலவான வேலை என்பதால், டேட்டாபேஸோடு பேசும் டிரைவர் அதை மூடாமல் கையிருப்பில் வைத்துக்கொள்கிறது. அந்தக் கையிருப்புதான் பூல். நீங்கள் க்ளோஸ் என்று சொன்னால் உண்மையில் மூடப்படுவதில்லை, கையிருப்புக்குத் திரும்புகிறது. க்ளோஸ் சொல்லவே இல்லை என்றால் அது கடனாகவே நிற்கும். அந்த ஆப்ஜெக்டை யாரும் பயன்படுத்தவில்லை என்று, பயன்படாத நினைவகத்தை மீட்கும் கார்பேஜ் கலெக்டர் எப்போதாவது கண்டுபிடித்தால் மீட்கப்படலாம். எப்போது என்று சொல்ல முடியாது. ஒரு நாள் மூன்று மணிக்கும் இன்னொரு நாள் ஐந்து மணிக்கும் நிற்பது அதனால்தான்.

இப்போது உங்கள் தேடல் ஃபங்ஷனைப் பாருங்கள். மூன்றாவது வரியில் கனெக்ஷனைத் திறக்கிறீர்கள். வாடிக்கையாளரைத் தேடுகிறீர்கள். பதினோராவது வரியில், கிடைக்கவில்லை என்றால் நல் (null) திருப்பி அனுப்பிவிட்டு வெளியே வந்துவிடுகிறீர்கள். க்ளோஸ் இருப்பது கடைசி வரியில். பெயரைத் தப்பாகத் தட்டச்சு செய்து தேடும் ஒவ்வொருவரும் ஒரு கனெக்ஷனை எடுத்துக்கொண்டு போகிறார்கள். நூறு தப்பான தேடல், பூல் காலி. தேடியது கிடைத்தால் எல்லாம் ஒழுங்காக மூடப்படுகிறது. அதனால் நீங்கள் சோதித்துப் பார்த்தபோது ஒருமுறைகூட இது தெரிந்திருக்காது. சோதிக்கும்போது இருக்கிற பெயரைத்தானே தேடுவோம்!

சேமிப்பு ஃபங்ஷனுக்கு வருகிறேன். கனெக்ஷன் திறக்கிறது, டிரான்ஸாக்ஷன் (எல்லாம் சேர்ந்து பதிவாக வேண்டும், இல்லாவிட்டால் எதுவும் பதிவாகக் கூடாது என்ற கட்டு) தொடங்குகிறது, பில் டேபிளில் ஒரு வரி, பொருள் டேபிளில் நாலைந்து வரி. எல்லாம் சரி. பிறகு வாடிக்கையாளருக்கான புள்ளிகளைக் கணக்கிடுகிறீர்கள். அதன் கீழே, மற்ற கோடுக்கும் இதற்கும் எழுத்து நடையே வேறாக, பின்னால் யாரோ சேர்த்தது போல ஒரு வரி: புள்ளிகள் பூஜ்யம் என்றால் ரிட்டர்ன் ட்ரூ. எழுதியதை நிரந்தரமாக்கும் கமிட் அதற்கு எட்டு வரி கீழே இருக்கிறது.

புள்ளியே இல்லாத பில் அபூர்வம்தான், மாதத்துக்கு நாலைந்து இருக்கலாம். அப்படி ஒன்று வரும்போது ட்ரூ திரும்பிப் போகிறது, திரையில் 'சேமிக்கப்பட்டது' என்று வருகிறது, பில் அச்சாகிறது. டேட்டாபேஸிலோ அந்த டிரான்ஸாக்ஷன் கமிட்டும் ஆகாமல், எழுதியதை நீக்கிவிடும் ரோல்பேக்கும் ஆகாமல் தொங்குகிறது. எழுதிய வரிகள்மேல் பூட்டு அப்படியே நிற்கிறது. அந்த டேபிளை முழுவதும் படிக்கும் ரிப்போர்ட் அந்த ஒரு வரியில் முட்டி நிற்கிறது. அதுதான் 'சில நாட்களில் ரிப்போர்ட் அசையவில்லை' என்று நீங்கள் சொன்ன நாட்கள். அதற்கு நீங்கள் நோலாக் சேர்த்தீர்கள். நோலாக் என்றால் பூட்டை மதிக்காமல், இன்னும் கமிட் ஆகாததையும் சேர்த்துப் படி என்று அர்த்தம். எனவே தொங்கிக்கொண்டிருந்த பில் மதிய ரிப்போர்ட்டில் ஏறியது. மாலையில் பூல் காலியாகி நீங்கள் ரீஸ்டார்ட் செய்தீர்கள். அறுந்த கனெக்ஷனின் டிரான்ஸாக்ஷனை சர்வர் ரோல்பேக் செய்தது. மறுநாள் ரிப்போர்ட்டில் பில் இல்லை. யாரும் எதையும் அழிக்கவில்லை. அந்தப் பில் டேட்டாபேஸில் ஒருநாளும் முறையாகப் பதிவானதே இல்லை.

நோலாக் போடாமல் இருந்திருந்தால் அன்றே அகப்பட்டிருக்கும் என்று சொல்லத் தோன்றுகிறது. நின்றுபோன ரிப்போர்ட் உங்களுக்குக் கொடுக்கப்பட்ட எச்சரிக்கை. அதை அணைத்துவிட்டதால் பில்கள் சத்தமில்லாமல் போயின. கணக்கு சம்பந்தப்பட்ட எந்த ரிப்போர்ட்டிலும் நோலாக் இருக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

இதை நான் சொன்னேன் என்பதற்காக நம்ப வேண்டாம், கண்ணால் பாருங்கள். வியூ சர்வர் ஸ்டேட் அனுமதியுள்ள யூசராக உள்ளே போய், டிஎம் எக்ஸெக் செஷன்ஸ் என்ற சிஸ்டம் வியூவைப் படியுங்கள். ஸ்டேட்டஸ் ஸ்லீப்பிங் என்று இருக்கும் வரிகளில் இரண்டு காலங்களை (column) பார்க்க வேண்டும். ஒன்று ஓபன் டிரான்ஸாக்ஷன் கவுண்ட். தூங்கும் செஷனில் இது நிமிடக்கணக்கில் ஒன்று அல்லது அதற்கு மேல் நின்றால், அங்கே ஒரு டிரான்ஸாக்ஷன் அநாதையாகத் தொங்குகிறது. மற்றொன்று லாஸ்ட் ரெக்வெஸ்ட் எண்ட் டைம், அதாவது கடைசி வேலை எப்போது முடிந்தது என்பது. பூலில் ஒழுங்காகத் திரும்பிய கனெக்ஷன்களும் தூங்கிக்கொண்டுதான் இருக்கும், அது தவறில்லை. ஆனால் வேலை இல்லாத கனெக்ஷனை டிரைவரே ஏறக்குறைய 4 முதல் 8 நிமிடத்தில் கழித்துவிடும். எனவே அரை மணி நேரமாகத் தூங்கும் செஷன் என்றால், கனெக்ஷன் ஸ்ட்ரிங்கில் மின் பூல் சைஸ் (Min Pool Size) எதுவும் கொடுக்காத வரை, அது திரும்பி வராத கடன்தான்.

அடுத்து ஒரு அருமையான வசதி இருக்கிறது. டிஎம் எக்ஸெக் கனெக்ஷன்ஸ் என்ற வியூவில் மோஸ்ட் ரீசன்ட் எஸ்க்யூஎல் ஹேண்டில் என்ற காலம் உண்டு. அதை டிஎம் எக்ஸெக் எஸ்க்யூஎல் டெக்ஸ்ட் ஃபங்ஷனுக்குக் கொடுத்தால் அந்த செஷன் கடைசியாக ஓட்டிய கட்டளையையே காட்டும். தூங்கும் நாற்பது செஷன்களில் முப்பத்தெட்டு ஒரே வாடிக்கையாளர் தேடல் குவெரியைக் காட்டினால், ஒழுகும் இடம் எது என்று இனி யாரையும் கேட்க வேண்டியதில்லை. நீங்கள் இரண்டு ஃபங்ஷன்களைத்தான் அனுப்பியிருக்கிறீர்கள். ஒன்றரை வருடக் கோடில் இதே பழக்கம் வேறு எங்கெல்லாம் இருக்கிறது என்பதை இந்த ஒரு குவெரி காட்டிக்கொடுக்கும். கனெக்ஷன் ஸ்ட்ரிங்கில் அப்ளிகேஷன் நேம் கொடுத்துவைத்தால் ப்ரோக்ராம் நேம் காலத்தில் உங்கள் அப்ளிகேஷன் எது என்றும் தெரியும்.

இப்போது மருந்து. கனெக்ஷன், கமாண்ட், ரீடர், டிரான்ஸாக்ஷன் நான்கையும் யூசிங் பிளாக்குக்குள் திறந்து பழகுங்கள். ரிட்டர்ன் ஆனாலும் எக்ஸெப்ஷன் ஆனாலும் அந்த பிளாக்கைவிட்டு வெளியே வரும்போது டிஸ்போஸ் தானாக நடக்கும், கனெக்ஷன் பூலுக்குத் திரும்பிவிடும். தேடல் ஃபங்ஷனுக்கு இது மட்டுமே போதும்.

சேமிப்பு ஃபங்ஷனில் இது போதாது. தயவுசெய்து இந்த இடத்தை நிதானமாகப் படியுங்கள். கமிட் ஆகாத டிரான்ஸாக்ஷன் டிஸ்போஸ் ஆனால் ரோல்பேக் ஆகும். அந்த ரிட்டர்ன் ட்ரூ வரியை அப்படியே விட்டுவிட்டு யூசிங் மட்டும் சேர்த்தால், பூல் காலியாகாது, ரிப்போர்ட் நிற்காது, எல்லோருக்கும் நிம்மதி. ஆனால் புள்ளியில்லாத பில் மாலை வரைகூட இருக்காமல் அந்த நொடியே அழிந்துபோகும், திரையில் 'சேமிக்கப்பட்டது' என்று வந்துகொண்டே இருக்கும். நோயின் அடையாளங்கள் எல்லாம் போய், நோய் மட்டும் மிஞ்சும். எனவே அந்த வரியை எடுத்துவிட்டு, புள்ளி இருந்தால் மட்டும் புள்ளி டேபிளை அப்டேட் செய், இல்லாவிட்டால் அதைத் தாண்டிப் போ என்று எழுதுங்கள். எந்த வழியாக வந்தாலும் கமிட் வரியைக் கடந்துதான் ட்ரூ திரும்ப வேண்டும்.

பல வருடங்களுக்கு முன் நான் வேலை பார்த்த ஓர் இடத்தில், இதே போன்ற நோய்க்கு நடுராத்திரி தானாக ரீஸ்டார்ட் ஆகும்படி செய்துவைத்திருந்தோம். மாதக்கணக்கில் அப்படியே ஓட்டினோம். என்னென்ன ரோல்பேக் ஆகியிருக்கும் என்று அன்று நாங்கள் யோசிக்கவே இல்லை. உங்கள் கடிதத்தைப் படித்தபோது அது நினைவுக்கு வந்து உறுத்தியது. ரீஸ்டார்ட் செய்து சரியாகும் எதையும் சரியானதாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

கோடில் வேறு சிலவும் கண்ணில் பட்டன. இரண்டு ஃபங்ஷன்களிலும் கேட்ச் பிளாக் எக்ஸெப்ஷனை வாங்கி, ஒன்றும் எழுதாமல் தேடலில் நல்லும் சேமிப்பில் ஃபால்ஸும் திருப்பி அனுப்புகிறது. ஒன்றரை வருடமாக சர்வர் உங்களிடம் சொல்லவந்த எல்லாமே அங்கே புதைந்துவிட்டது. எக்ஸெப்ஷனின் வகை, எஸ்க்யூஎல் எக்ஸெப்ஷன் என்றால் அதன் நம்பர், முழுச் செய்தி, எந்த ஃபங்ஷன் என்ற நான்கையும் லாகில் எழுதுங்கள். நம்பர் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. 18456 என்றால் லாகின் தோல்வி, இதற்கான உண்மையான காரணம் சர்வரின் எர்ரர் லாகில் மட்டுமே விவரமாக இருக்கும். 2627 என்றால் ஏற்கெனவே இருக்கும் கீ. 547 என்றால் ஃபாரின் கீ போன்ற கட்டுப்பாடு மீறல். 1205 என்றால் டெட்லாக், அதாவது இரண்டு டிரான்ஸாக்ஷன்கள் ஒன்றின் பூட்டுக்காக மற்றொன்று காத்து நிற்பது, சர்வர் உங்கள் டிரான்ஸாக்ஷனைப் பலியாகத் தேர்ந்தெடுத்து ரோல்பேக் செய்துவிட்டது, முழு டிரான்ஸாக்ஷனையும் மீண்டும் முயலலாம். மைனஸ் 2 வந்தால் அப்படி கண்மூடித்தனமாக மீண்டும் முயலக் கூடாது. கமிட் நேரத்தில் டைம்அவுட் ஆனால் சர்வரில் வேலை முடிந்திருக்கவும் வாய்ப்புண்டு, ஒரே பில் இரண்டாகிவிடும்.

எக்ஸிக்யூட் நான் குவெரி திருப்பித் தரும் எண்ணை நீங்கள் வாங்கவே இல்லை. அப்டேட் கட்டளை எர்ரர் இல்லாமல் முடிந்தது என்பதற்கு, ஒரு வரியாவது மாறியது என்று பொருளில்லை. வேர் (WHERE) நிபந்தனைக்கு எதுவும் பொருந்தாவிட்டால் பூஜ்யம் வரும், அதுவும் எர்ரர் இல்லை. ஒரு வரி மாற வேண்டிய இடத்தில் ஒன்று வந்ததா என்று பாருங்கள். ஸ்டோர்டு ப்ரொசீஜரில் செட் நோகவுண்ட் ஆன் இருந்தால் மைனஸ் 1 வரும், அதைக் கண்டு பயப்பட வேண்டாம்.

குவெரியைக் கூட்டல் குறி போட்டு ஒட்டி எழுதுகிறீர்கள். பெயரில் ஓர் ஒற்றை மேற்கோள் வந்தால் கட்டளை உடையும். யாராவது வேண்டுமென்றே எழுதினால் டேபிளே போகும். பாராமீட்டருக்கு மாறுங்கள், வகையையும் நீளத்தையும் நீங்களே குறிப்பிடுங்கள். தமிழ்ப் பெயர்கள் வெறும் கேள்விக்குறிகளாகப் பதிவாவதும் இந்த ஒட்டு வேலையால்தான். காலம் எல்லா மொழி எழுத்தையும் தாங்கும் என்வார்சார் (nvarchar) ஆக இருந்தாலும், மேற்கோளுக்கு முன் என் (N) என்ற எழுத்து இல்லாவிட்டால் எழுத்துகள் வழியிலேயே தொலைந்துவிடும். என்வார்சார் பாராமீட்டர் கொடுத்தால் அந்தப் பிரச்சினையும் தீரும். மதிப்பு இல்லாத இடத்தில் வெறும் நல் கொடுக்காமல் டிபிநல் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் பாராமீட்டரே வரவில்லை என்று சர்வர் சொல்லும்.

டேட்டாபேஸ் மாற்றுவது பற்றி இரண்டு வார்த்தை. போஸ்ட்கிரெஸ் இயல்பாக 100 கனெக்ஷன் அனுமதிக்கும், மைஎஸ்க்யூஎல் 151. எஸ்க்யூஎல் சர்வர் 32,767 வரை தாங்கும். இதே கோடை போஸ்ட்கிரெஸுக்கோ மைஎஸ்க்யூஎல்லுக்கோ கொண்டுபோனால், நீங்கள் வைத்திருக்கும் 500 பூல் அளவோடு, உங்கள் பூல் 500ஐத் தொடுவதற்கு முன்பே சர்வர் கதவைச் சாத்திவிடும்.

அந்தப் பெண் விஷயத்துக்குத் திரும்புகிறேன், உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் பாதித்தது அதுதான். மேலாளரிடம் வாயால் சொன்னால் போதாது. பில் எண், சர்வரே வரிசையாக எண் கொடுக்கும் ஐடென்டிட்டி காலம் என்றால், ரோல்பேக் ஆன பில்லின் எண் திரும்பி வராது, அங்கே ஓர் எண் இடைவெளி இருக்கும். ஆனால் அழித்தாலும் அதே இடைவெளிதான் தெரியும். சர்வரே திடீரென்று நின்று எழுந்தால் எண் ஆயிரம் தாண்டிக் குதிப்பதும் உண்டு. எனவே இடைவெளியை மட்டும் காட்டி வாதிடாதீர்கள். டேட்டாபேஸின் சோதனை நகலில், இன்றைய கோடைத் திருத்தாமல் வைத்துக்கொண்டு, மேலாளரைப் பக்கத்தில் உட்காரவையுங்கள். புள்ளி இல்லாத ஒரு பில் போடுங்கள். 'சேமிக்கப்பட்டது' என்று வருவதைக் காட்டுங்கள். நோலாக் ரிப்போர்ட்டில் அந்தப் பில் இருப்பதைக் காட்டுங்கள். அப்ளிகேஷனை ரீஸ்டார்ட் செய்து, அதே ரிப்போர்ட்டை மீண்டும் ஓட்டுங்கள். ஐந்து நிமிட வேலை. அதற்குப் பிறகு காணாமல்போன பில்களின் அச்சுப் பிரதிகளை எடுத்து, அவை எல்லாமே புள்ளியில்லாத பில்கள்தானா என்று அவரையே சரிபார்க்கச் சொல்லுங்கள்.

கோடைத் திருத்துவதற்கு முன்பே இதைச் செய்துவிடுங்கள். திருத்திய பிறகு காட்டுவதற்கு ஒன்றும் மிஞ்சாது.